நம் மணலுக்கு ஒரு சங்கம் வேண்டும்

கதிரவெளி, புச்சாக்கேணி, பால்சேனை, வம்மிவட்டவான், ஊரியன்கட்டு, கண்டலடி, பனிச்சங்கேணி ஆகிய ஊர்களின் கடற்றொழிலாளர் சங்கங்கள், கமக்காரர் அமைப்புகள், கிராம அபிவிருத்திச் சங்கங்கள், மாதர் சங்கங்கள், கோயில் பரிபாலன சபைகள் அனைத்தின் தலைவர், செயலாளர், பொருளாளர்களுக்கு.



உங்களில் கனபேர் என்னிடம் விஞ்ஞானம் படித்தவர்கள். ஒன்பதாம் வகுப்பில் உங்களைக் கடற்கரைக்குக் கூட்டிப்போய், பழைய ஸ்பீக்கரில் இருந்து கழற்றிய காந்தத்தைக் கடதாசியில் சுற்றி மண்ணில் இழுக்கச் சொன்னது நினைவிருக்கும். கறுப்பு மண் மீசைபோல ஒட்டிக்கொண்டு வரும். கடதாசியை உருவினால் பொலபொலவென்று கொட்டும். நீங்கள் கைதட்டினீர்கள். அந்தக் கறுப்பு மண்ணைப் பற்றித்தான் இன்று எழுதுகிறேன். ஒரு சங்கத்துக்கு மட்டும் எழுதினால் அது ஒரு கோப்புக்குள் போய்விடும், மற்றச் சங்கங்களின் காதுக்கு எட்டாது. ஆகையால் எல்லாருக்கும் பொதுவாக, எல்லாரும் வாசிக்கத்தக்கதாக எழுதுகிறேன்.

முதலில் என் மனக்குறையைச் சொல்லிவிடுகிறேன். சில வருடங்களுக்கு முன் ஒரு கம்பனியின் ஆட்கள் ஊருக்கு வந்து, விளக்கக் கூட்டம் என்று கூப்பிட்டார்கள். போனோம். வரவுத்தாள் சுற்றி வந்தது. வழக்கம்போலப் பெயர், அடையாள அட்டை இலக்கம், கையொப்பம். நானும் வைத்தேன். பிறகு ஒரு நாள், வேறொரு மேசையில், ஊர்மக்களின் சம்மதம் என்ற தலைப்போடு அதே தாளைக் கண்டேன். என் கையொப்பம் நாலாவது வரியில் இருந்தது. நாற்பது வருடம் பிள்ளைகளுக்கு வாசித்துப் பார்த்துக் கையெழுத்து வை என்று படிப்பித்தவன் நான். அன்றிரவு எனக்கு நித்திரை இல்லை.

அதைவிட எனக்கு நொந்தது, அதன் பிறகு விசாரித்து அறிந்தது. கடற்றொழிலாளர் சங்கத்தோடு தனியாகப் பேசி வலையும் இயந்திரமும் தருவதாகச் சொல்லியிருந்தார்கள். கமக்காரர்களோடு தனியாகப் பேசி வாய்க்கால் திருத்தித் தருவதாகச் சொல்லியிருந்தார்கள். கோயிலுக்கு மண்டபம். மாதர் சங்கத்துக்குத் தையல் இயந்திரம். ஒவ்வொரு சங்கத்திடமும், மற்றச் சங்கங்கள் எல்லாம் சம்மதித்துவிட்டன, நீங்கள்தான் மிச்சம் என்று சொல்லியிருக்கிறார்கள். அண்ணன்மாரே, பக்கத்து வளவில் இருக்கும் சங்கத் தலைவரிடம் வேலியோரம் நின்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் உண்மை தெரிந்திருக்கும். நாம் கேட்கவில்லை.

அந்தக் கறுப்பு மண்ணில் இருக்கும் இல்மனைட்டை அகழ வேண்டாம் என்று நீங்கள் வீதியில் நின்றதை நான் மறக்கவில்லை. கைக்குழந்தையோடு நின்ற பெண்களையும் கண்டேன். அதைக் குறைத்துச் சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் வீதியில் நிற்பது ஒரு நாள் வேலை. நமக்கு எதிர்ப்பக்கத்தில் இருப்பவர்கள் வருடம் முழுவதும் கூடிப் பேசுகிறார்கள். அவர்களுக்கும் சங்கம் இருக்கிறது. அது எப்படிப்பட்ட சங்கம், எங்கே இருக்கிறது, நம் மணலுக்கும் அதற்கும் என்ன தொடர்பு என்பதை நீங்கள் அறிந்தால்தான் நான் கேட்கப்போவதன் நியாயம் புரியும்.

மணலில் இருந்தே தொடங்குகிறேன். மலைநாட்டுப் பாறைகள் உக்கி உதிர்ந்ததை மகாவலி அள்ளிக்கொண்டு வருகிறது. அதன் ஒரு கிளைதான் நம் வெருகலாறு. வெள்ளை மண்ணை அலை எளிதாக இழுத்துப்போகும். பாரமானது கரையில் தங்கும். சுளகில் அரிசி புடைப்பதைப் போன்றதே இது. சாதாரண மணல் தண்ணீரைவிட இரண்டரை மடங்கு பாரம் என்றால், பார மணலில் உள்ள கனியங்களான இல்மனைட்டும் சிர்கோனும் நாலரை மடங்குக்கு மேல், மொனசைட் ஐந்து மடங்கு. தொழிற்சாலையில் செய்வதும் இதே புடைப்புத்தான். சுருள் தொட்டிகளில் தண்ணீரோடு ஓடவிட்டுப் பாரமானதைப் பிரிப்பார்கள், காந்தத்தால் இல்மனைட்டை எடுப்பார்கள், மின்சாரத்தால் ரூட்டைல் என்ற இன்னொரு கனியத்தையும் சிர்கோனையும் பிரிப்பார்கள். நமக்கு வடக்கே புல்மோட்டையில் 1957 இல் அரசாங்கக் கூட்டுத்தாபனம் தொடங்கிச் செய்துவருவது இதுதான். அங்கே பார மணலில் பெரும்பகுதி இல்மனைட். ரூட்டைலும் சிர்கோனும் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு வீதம். மொனசைட் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை.

நம்மிடம் வந்தவர்கள் இல்மனைட் என்ற ஒரு சொல்லை மட்டும்தான் சொன்னார்கள். வர்ணத்துக்குப் போகிறது என்றார்கள். பொய் இல்லை. ஆனால் என் காந்தத்தில் ஒட்டாமல் கீழே தங்கியதைப் பற்றி அவர்கள் பேசவில்லை. சிர்கோனில் இருந்து எடுக்கும் சிர்கோனியம் என்ற உலோகத்தில்தான் உலகத்தின் பெரும்பாலான அணு உலைகளின் எரிபொருள் குழாய்களைச் செய்கிறார்கள். அது நியூத்திரன்களை விழுங்காமல் வழி விடும், சூட்டையும் தாங்கும். சிர்கோனோடு கூடவே பிறக்கும் ஹஃப்னியம் நியூத்திரன்களைப் பல நூறு மடங்கு விழுங்கும். ஆகவே அதைப் பிரித்தெடுத்து, உலையை அடக்கும் தண்டுகளுக்கு வைத்துக்கொள்கிறார்கள். மொனசைட்டில் தோரியமும் கொஞ்சம் யுரேனியமும் உண்டு. மன்னார்க் குடாவுக்கு அந்தப்பக்கம், தூத்துக்குடி மாவட்டத்துப் பழையகாயலில், இந்திய அணுசக்தித் துறை கடற்கரைச் சிர்கோனில் இருந்து சிர்கோனியம் எடுக்க ஒரு தொழிற்சாலையே நடத்துகிறது. கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சியில் மணலை அள்ளிப் பிரிக்கிறார்கள். உலகச் சிர்கோனில் பெரும்பங்கு தரை ஓடு, பீங்கான் போன்றவற்றுக்கே போகிறது என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். நம் கரை மணல் எந்த உலைக்கும் போகும் என்று நான் சொல்லவில்லை. எங்கே போகும் என்பதை நமக்கு எழுத்தில் சொல்ல வேண்டியவர்கள் சொல்லவில்லை என்கிறேன்.

அணுத் தொழிலுக்கும் நம் நாட்டுக்கும் உறவு புதிதல்ல. 1904 இல், இலங்கைக் கனியவள ஆய்வுக்குப் பொறுப்பாக இருந்த ஆனந்த குமாரசுவாமி ஒரு புதிய கறுப்புக் கல்லைக் கண்டுபிடித்தார். தோரியம் நிறைந்த அந்தக் கல்லுக்குத் தோரியனைட் என்று பெயர். சேர் முத்துக்குமாரசுவாமியின் மகன், பின்னாளில் சிற்பமும் ஓவியமும் பற்றி எழுதி உலகப் புகழ் பெற்றவர் அவர்தான். அடுத்த வருடமே லண்டனில் ஒட்டோ ஹான் என்ற இளம் ஜேர்மானியர் இலங்கையில் இருந்து போன தோரியனைட்டை ஆராய்ந்து, கதிர்வீசும் ஒரு புதிய பொருளை அதில் கண்டார். அதே ஹான்தான் 1938 இல் யுரேனிய அணு பிளவுபடுவதைக் கண்டவர். அணு உலகத்தின் முதல் பக்கங்களிலேயே நம் மண் இருக்கிறது, மண்ணுக்கு உரியவர்களின் பெயர் மட்டும் எந்தப் பக்கத்திலும் இல்லை.

இனிச் சங்கத்துக்கு வருகிறேன். தோரியம் வாயு விளக்கின் மேன்டில் வலைக்கு மட்டும் பயன்பட்ட காலத்திலேயே, நூறு வருடத்துக்கும் முன், ஜேர்மனியின் தோரிய வியாபாரிகள் கூட்டுச் சேர்ந்து மொனசைட்டின் விலையைத் தங்கள் கைக்குள் வைத்திருந்தார்கள். 1909 இல் திருவிதாங்கூர்க் கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் மொனசைட் இருப்பதை ஷொம்பேர்க் என்ற ஜேர்மானியர் கண்டார். கயிறு திரித்தவர்களுக்கு அது கையில் ஒட்டிய மண். தட்டிவிட்டிருப்பார்கள்.

யுரேனியத்துக்கு வந்தபோது கதை பெரிதாகியது. 1970 களின் தொடக்கத்தில் யுரேனியம் விற்பவர்கள் இரகசியமாகக் கூடி விலை பேசினார்கள். உலை கட்டும் வெஸ்டிங்ஹவுஸ் கம்பனி 1976 இல் 29 கம்பனிகள் மீது அமெரிக்காவில் வழக்குப் போட்டது. இதற்கிடையில், 1975 இல், லண்டனில் யுரேனியம் இன்ஸ்டிடியூட் என்ற வெளிப்படையான அமைப்பு உருவானது. 2001 இல் அது தன் பெயரை உலக அணுசக்திச் சங்கம் என்று மாற்றிக்கொண்டது. சுரங்கம் தோண்டுபவர், யுரேனியத்தைச் செறிவூட்டுபவர், எரிபொருள் செய்பவர், உலை கட்டுபவர், மின்சாரம் விற்பவர், கப்பலில் ஏற்றுபவர், காப்புறுதி செய்பவர் எல்லாரும் அதில் அங்கத்தவர்கள். அதைத் தவிரச் சிர்கோன் தோண்டி விற்பவர்களுக்கும் தனியாக ஒரு சங்கம் இருக்கிறது.

இந்தச் சங்கங்கள் என்ன செய்கின்றன என்பதைக் கவனமாகப் பாருங்கள், அதில் நாம் படிக்க வேண்டியது நிறைய உண்டு. சந்தையில் ஒருவரோடொருவர் போட்டி போடுகிறவர்கள் ஒரு மேசையில் இருந்து, அடுத்த இருபது வருடத்துக்கு எவ்வளவு எரிபொருள் தேவைப்படும், எங்கிருந்து வரும், எந்தக் கண்ணி பலவீனமானது என்று கணக்கெடுக்கிறார்கள். நாட்டுக்கு நாடு வேறுபடும் விதிகளை ஒன்றாக்கச் சொல்லி அரசாங்கங்களிடம் போகிறார்கள். கப்பல் ஏற்றுவதில் தடங்கல் வந்தால் எல்லாருக்குமாக ஒருவர் பேசுகிறார். 2023 டிசம்பரில் துபாயில் நடந்த காலநிலை மாநாட்டில், 2050 க்குள் அணுமின்சாரத்தை மூன்று மடங்காக்குவோம் என்று 20 க்கு மேற்பட்ட நாடுகள் அறிவித்தபோது, உலக அணுசக்திச் சங்கமும் கம்பனிகளை ஒன்றுசேர்த்துத் தங்கள் உறுதிமொழியோடு அங்கே நின்றது. மூன்று மடங்கு உலை என்றால் சிர்கோனியமும் கூடவே வேண்டும். அந்தப் பேச்சு துபாயில் முடிந்தாலும், அதன் லொறி ஒரு நாள் ஏதோ ஒரு கடற்கரையில்தான் வந்து நிற்கும்.

அவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. தொழில் செய்பவர்கள் சங்கம் வைப்பது குற்றம் அல்ல. யுரேனியச் சுரங்கங்கள் எப்படி நடக்க வேண்டும் என்று அந்தச் சங்கம் கொள்கை ஆவணம் ஒன்றை வெளியிட்டிருக்கிறது. கதிர்வீச்சுப் பாதுகாப்பு, கழிவு, சுற்றாடல் ஆகியவற்றோடு, அந்தந்த இடத்து மக்களோடு கலந்து பேசும் கடமையையும் அதில் எழுதிவைத்திருக்கிறார்கள். நல்ல வாசகம். ஆனால் அது யுரேனியச் சுரங்கத்துக்கு எழுதியது. எரிபொருளைச் சுற்றி இருக்கும் குழாய் எந்தக் கரையின் மணலில் தொடங்கியது, அந்தக் கரையில் யார் வலை இழுத்தார்கள் என்பது அந்த வாசகத்தின் எல்லைக்கு வெளியே நிற்கிறது. அதை எல்லைக்குள் கொண்டுவரச் சொல்லி ஒரு குரல் அங்கே போகவேண்டும். யாருடைய குரல்? கதிரவெளி மாதர் சங்கம் தனியாகக் கடிதம் போட்டால் பதில் வராது. இந்தக் கரையின் எல்லாச் சங்கமும் ஒரே தாளில் போட்டால், அங்கத்தவக் கம்பனி ஒவ்வொன்றும் வாங்குவதற்கு முன் ஒரு தடவை யோசிக்கும்.

பிரிந்து நின்றால் என்ன நடக்கும் என்பதற்குத் தமிழ்நாட்டைப் பாருங்கள். தூத்துக்குடி, திருநெல்வேலி, கன்னியாகுமரிக் கரைகளில் தனியார் பல வருடம் தாது மணல் அள்ளினார்கள். அள்ளியவர்களுக்கு உற்பத்தியாளர் சங்கம் இருந்தது. கரையில் இருந்த மீனவ ஊர்கள் ஆதரவு, எதிர்ப்பு என்று இரண்டாகப் பிளந்தன. ஒரே ஊரில் அண்ணன் ஒரு பக்கம், தம்பி மறுபக்கம். 2013 இல் தமிழ்நாட்டு அரசாங்கம் அகழ்வைத் தடை செய்து, ககன்தீப் சிங் பேடி என்ற அதிகாரியின் தலைமையில் குழு அமைத்து விசாரித்தது. 2025 பெப்ரவரி 17 இல்தான் சென்னை உயர்நீதிமன்றம் விவகாரத்தை மத்தியப் புலனாய்வுப் பிரிவு விசாரிக்க உத்தரவிட்டது. கம்பனிகளிடம் இருந்து அறவிட வேண்டியதாக அரசாங்கம் கேட்ட தொகை 5,832 கோடி ரூபா. தடைக்கும் இந்தத் தீர்ப்புக்கும் நடுவே ஏறத்தாழப் பதினொன்றரை வருடம் போனது. கரை போனது போனதுதான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், இது நம் பக்கத்துக்கு. கறுப்பு மண் எடுத்தால் ஊரெல்லாம் புற்றுநோய் வரும் என்று சிலர் பேசித் திரிகிறார்கள். அப்படிப் பேசாதீர்கள். கேரளத்தின் கருநாகப்பள்ளியில், இயற்கையாகவே மொனசைட் நிறைந்த கரையில் வாழும் ஏறத்தாழ 70,000 பேரை வருடக்கணக்கில் தொடர்ந்து ஆராய்ந்தார்கள். இயற்கைக் கதிர்வீச்சால் புற்றுநோய் கூடியதாக அந்த ஆய்வு காணவில்லை. நாம் தப்பான ஒன்றைச் சொன்னால், கூட்டத்தில் ஒரு படித்த அதிகாரி எழுந்து அதை உடைப்பார். அதோடு சேர்த்து நம் சரியான கேள்விகளும் விழுந்துவிடும். கரையில் பரந்து கிடக்கும் மொனசைட் வேறு, பிரித்துக் குவித்து வைத்த மொனசைட் வேறு. குவித்த பிறகு அதை எங்கே வைப்பார்கள், வேலைக்குப் போகும் நம் பிள்ளைகள் சுவாசிக்கும் தூசியை யார் அளப்பார்கள் என்பதுதான் கேள்வி.

அதோடு மணல்மேடு. 2004 மார்கழியில் கடல் வந்தபோது இந்தக் கரை பட்டதை நான் உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. கடலுக்கும் வளவுக்கும் நடுவே இருப்பது இந்த மேடு ஒன்றுதான். நம் கிணறுகளில் நல்ல தண்ணீர் நிற்பதும் இந்த மணலுக்குள்தான், உப்புத் தண்ணீருக்கு மேலே மெல்லிய படலமாக. மேட்டைத் தோண்டினால் முதலில் உவர்ப்பது கிணறு. போரிலும் பட்டவர்கள் நாம். 2006 நவம்பர் 8 ஆம் திகதி, அடைக்கலம் என்று பாடசாலைக்குள் இருந்தவர்கள் மேல் எறிகணை விழுந்த ஊர் கதிரவெளி. ஓடிப்போய், முகாம்களில் கிடந்து, திரும்பி வந்து, உடைந்த சுவரைக் கட்டிக்கொண்டு இருக்கிறோம். குஞ்சங்கற்குளம் போன்ற இடங்களில் வாழும் நம் வேடர் உறவுகளுக்குக் கூட்டங்களுக்கு அழைப்பே போவதில்லை. இன்னொரு தடவை இடம்பெயர இங்கே யாருக்கும் தெம்பு இல்லை.

சட்டம் நமக்கு முற்றாக எதிரி அல்ல. அகழ்வதற்குப் புவிச்சரிதவியல் அளவை, சுரங்கங்கள் பணியகத்தின் அனுமதிப்பத்திரம் வேண்டும். கரையோரம் பேணல் திணைக்களமும் மத்திய சுற்றாடல் அதிகார சபையும் நடுவே இருக்கின்றன. சுற்றாடல் தாக்க மதிப்பீட்டு அறிக்கை வந்தால், கருத்துச் சொல்ல மக்களுக்கு 30 நாள் உண்டு. 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் நாட்டின் எந்தப் பிரஜையும் தகவல் கேட்கலாம். 2014 ஆம் ஆண்டின் 40 ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் அணுசக்திச் சபையும் ஒழுங்குபடுத்தல் பேரவையும் இருக்கின்றன. ஆனால் 30 நாளுக்குள் ஒரு தடித்த அறிக்கையை வாசித்து விளங்கிப் பதில் எழுத ஒரு தனிச் சங்கத்தால் முடியுமா? வலைக்குப் போகிறவருக்கு நேரம் எங்கே? இருபது சங்கம் சேர்ந்தால் முடியும். நம் ஊரில் பல்கலைக்கழகம் முடித்த பிள்ளைகள் இருக்கிறார்கள், வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகம் இருக்கிறது, கடல் கடந்து போன நம் பிள்ளைகளில் பொறியியலாளர்கள் இருக்கிறார்கள். கேட்டால் செய்வார்கள். கேட்க ஒரு முகவரி வேண்டும்.

ஆகவே நான் உங்களிடம் கேட்பது இதுதான். வெருகலில் இருந்து பனிச்சங்கேணி வரை எல்லாச் சங்கமும் சேர்ந்து ஒரு கூட்டுச் சபை வையுங்கள். ஒவ்வொரு சங்கத்துக்கும் இரண்டு பேர், அதில் ஒருவர் பெண். வேடர் சமூகத்துக்கும் அதே இடம். இந்தச் சபை கூடித் தீர்மானிக்கும் வரை, மணலைப் பற்றி வரும் எந்தத் தாளிலும், அது வரவுத்தாளாக இருந்தாலும், எந்தச் சங்கமும் கையொப்பம் வைப்பதில்லை என்று முதல் தீர்மானம் எழுதுங்கள். கூட்டக் குறிப்பும் கணக்கும் யாரும் வந்து பார்க்கத் திறந்திருக்கட்டும். யுரேனியம் விற்றவர்கள் இரகசியமாகக் கூடியது வழக்கில்தான் முடிந்தது. நமக்கு அந்தப் பழி வேண்டாம்.

அகழ்வு ஒன்றைப் பற்றிப் பேச முன், இந்தக் கரையின் கதிர்வீச்சு அளவையும் கிணறுகளின் உப்பையும் பொறுப்பான அரச நிறுவனம் அளந்து, தமிழில் எழுதிப் பிரதேச செயலகத்தில் ஒட்ட வேண்டும் என்று கேளுங்கள். இன்றைய அளவு இல்லாவிட்டால், நாளைக்குக் கெட்டதை யாரிடமும் நிரூபிக்க முடியாது. சிர்கோன் யாருக்குப் போகும், மொனசைட்டை என்ன செய்வார்கள் என்று வாங்குபவரின் பெயரோடு எழுதிக் கேளுங்கள். அதோடு உலக அணுசக்திச் சங்கத்துக்கும் சிர்கோன் விற்பவர்களின் சங்கத்துக்கும் நம் எல்லார் முத்திரையோடும் ஒரு கடிதம் போகட்டும். யுரேனியத்துக்கு எழுதிய கடமையை மணலுக்கும் எழுதுங்கள், ஊர்மக்கள் கூடித் தந்த சம்மதம் இல்லாத மணலை உங்கள் அங்கத்தவர்கள் வாங்கக் கூடாது என்று அதில் கேட்போம். தமிழில் நான் எழுதுகிறேன். ஆங்கிலத்தில் மாற்ற நம் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

இவ்வளவும் செய்து, விடை எல்லாம் கையில் வந்த பிறகு, அகழலாம் என்று ஊர் கூடிச் சொன்னால் நான் குறுக்கே நிற்க மாட்டேன். வேண்டாம் என்று சொன்னால் உங்களோடு கடைசி வரை நிற்பேன். என் கையொப்பத்தைத் திருடிய அந்தத் தாளைப்போல இன்னொரு தாள் இந்தக் கரையில் உருவாகக் கூடாது. அதற்கு மட்டும் நான் சம்மதிக்க மாட்டேன்.

வரும் பூரணை விடுமுறை நாள் காலை ஒன்பது மணிக்கு என் வளவு வேப்பமரத்தடிக்கு வாருங்கள். கதிரையும் தேநீரும் வைத்திருப்பேன். சங்கத்துக்கு இரண்டு பேர் போதும். வரும்போது முத்திரையையும் கூட்டக் குறிப்புப் புத்தகத்தையும் மறக்காமல் எடுத்து வாருங்கள்.

உங்கள்
ஓய்வுபெற்ற விஞ்ஞான ஆசிரியர்,
கதிரவெளி